விமானத்துக்கு ஒரு நியாயம், ஒரகடம் ரோட்டுக்கு ஒரு நியாயமா?

20 சதவீத எத்தனால் பெட்ரோலால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, எல்லாம் வாட்ஸப் வதந்தி சார் என்று ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் எழுதியிருந்தான். வதந்தி நிறைய உண்டுதான். ஆனால் 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே என்ன சொன்னது? சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான் என்றது. யாருக்குக் குறைவு? செகண்ட் ஹேண்ட் பைக்கில் வல்லத்துக்கு நைட் ஷிப்ட் போகிற கான்ட்ராக்ட் பையனுக்கா?

பிளஸ் டூவில் நடத்திய பென்சீன் வளையம் ஞாபகம் இருக்கிறதா? அந்த வளையம் உள்ள அரோமேட்டிக் சேர்மங்கள் வழக்கமான விமான எரிபொருளில் உண்டு. அவை நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குக்குள் புகுந்து அதைக் கொஞ்சம் உப்ப வைக்கும்; இடுக்கு அடைபடும். தாவர எண்ணெயிலிருந்து செய்யும் எரிபொருளில் அவை அநேகமாக இல்லை. வருஷக்கணக்கில் உப்பியிருந்த ரப்பர் சுருங்கினால் எரிபொருள் கசியும். அதனால்தான் இன்றும் அதை 50 சதவீதத்துக்கு மேல் கலக்கக் கூடாது, கலந்தபின் அரோமேட்டிக் 8 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று விதி. 2018-ல் டேராடூனிலிருந்து டெல்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெய் எரிபொருள் கலந்து விமானம் பறந்ததே, அதுவும் ஒரு கலவைதான். அங்கே பழைய ரப்பருக்கு ஏற்றபடி எரிபொருள் வளைகிறது.

ரோட்டில் தலைகீழ். எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைக்கும், அதை மென்மையாக வைத்திருக்கும் பொருளைக் கரைத்து இழுக்கும். பிறகு காய்ந்தால் வெடிப்பு விடும். எரிபொருளை மாற்றியது அரசு, ரப்பரை மாற்ற வேண்டியது நாமாம்.

விமானம் விழுந்தால் உயிர் போகும், ஸ்கூட்டர் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம் என்பீர்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டுவதை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

கரும்பு, மக்காச்சோள விவசாயிக்குப் பணம் போவதை நான் எதிர்க்கவில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்துவிட்டது. நான் கேட்பது அதைவிடச் சின்னது. எந்த வருஷ மாடலில் எந்த ரப்பர் போட்டீர்கள், எதை மாற்ற வேண்டும் என்ற பட்டியலைக் கம்பெனிகள் வெளியிடட்டும்; இலவசமாக மாற்றியும் கொடுக்கட்டும். குவாலிட்டியிலும் டிசைனிலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அந்த விவரம் உங்கள் டிராயிங்கில் இருக்கிறது. மீட்டிங்கில் ஒரு தடவை வாய் திறந்து கேளுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு: வண்டி பழசு என்றால் அடுத்த சர்வீஸில் பெட்ரோல் டியூபைக் கழற்றி வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். பில்லைத் தூக்கிப் போடாமல் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்த்து வைக்கிறேன்.