மிஹின் லங்கா விட்டுச்சென்ற கணக்கு

2007 ஏப்ரலில் இலங்கை அரசின் பணத்தில் பறக்கத் தொடங்கிய மிஹின் லங்கா விமான நிறுவனம், ஓராண்டு கடந்ததும் கடன் சுமையால் சேவையை நிறுத்தியது. 2009இல் மீண்டும் பறந்து, 2016 ஒக்டோபரில் மூடப்பட்டது. குத்தகை விமானங்களுக்கு டொலரில் பணம் கட்டிக்கொண்டே, அரசின் இன்னொரு விமான நிறுவனமான ஸ்ரீலங்கனோடு டுபாய் வழியில் அது போட்டியிட்டது. தேவையை அளக்காமல் அரசியல் விருப்பத்தில் பிறந்ததே அதன் அடிப்படைக் கோளாறு.

மாவடிப்பள்ளியிலும் கல்முனையிலும் இருந்து வளைகுடாவுக்கு உழைக்கப் போகும் பிள்ளைகளுக்கு மலிவு டிக்கெட் கிடைத்ததே என்பார்கள். அந்தத் தேவை மெய்யானது, மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டு விமான நிறுவனமான எயார் அரேபியா நம் திறைசேரியைத் தொடாமலே கொழும்பிலிருந்து மலிவுச் சேவை நடத்தியது. மிஹினின் நட்டத்தையோ, சீனிக்கும் பால்மாவுக்கும் வரி கட்டிய அதே தொழிலாளர் குடும்பங்களும் சுமந்தன. ஸ்ரீலங்கனுக்கு இனியும் பொதுப்பணம் ஒதுக்குமுன், மிஹினின் இழப்புக்குப் பொறுப்பானவர்கள் யாரென அரசு பாராளுமன்றத்தில் சொல்ல வேண்டும்.