பயிற்றுநரும் பள்ளி வகுப்பும்

மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவரின் ஆய்வு எங்கே நடக்க வேண்டும் என்பதற்கு என். எஸ். பிரபுவின் பணி நல்ல சான்று. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த காலத்தில் அவர் வகுத்த ஆங்கிலக் கற்பித்தல் திட்டம், பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகள் சிலவற்றில் 1979 முதல் 1984 வரை நடந்தது. ‘பெங்களூர் திட்டம்’ என்றே அது பெயர் பெற்றுவிட்டது. கடலூரை நினைப்பவர் குறைவு.

இத்திட்டத்துக்கு முன் சென்னை மாநிலத்தில் கோலோச்சியது அமைப்புமுறைப் பாடத்திட்டம். வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகப் பயிற்றுவிப்பது அதன் வழி. ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு அதில் மறுபயிற்சி தரும் பெருமுயற்சியும் நடந்தது.

பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே படிகிறது என்பது பிரபுவின் கருதுகோள். ரயில் கால அட்டவணையோ வரைபடமோ கொடுத்து, யோசித்தால்தான் விடை கிடைக்கும் கேள்விகள் கேட்கப்பட்டன. இவையே செயல்பணிகள். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் ஒன்றைச் செய்து காட்டுவார். அதைப் போன்ற இன்னொன்றை மாணவர் தனித்தனியே செய்வர். வகுப்பில் பாதிப்பேராவது பாதியளவு சரியாகச் செய்தால் அந்தப் பணி தகுந்தது என்று கொள்ளப்பட்டது. குழுவேலையைப் பிரபு வேண்டுமென்றே தவிர்த்தார். செயல்பணி என்றாலே மாணவரை வட்டமாக உட்கார வைப்பது என்று இன்று பாடக் குறிப்பில் எழுதுவோர் இதைக் கவனிக்கலாம்.

பாடம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் பயிற்றுநர்கள், அந்தப் பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்கள் அல்லர். திட்டத்தின் வலிமையும் பலவீனமும் இதில்தான் இருந்தன. ஆய்வாளர்கள் பெரெட்டாவும் டேவிஸும் 1985இல் வெளியிட்ட மதிப்பீடு பொதுவாகத் திட்டத்துக்குச் சாதகமாகவே அமைந்தது. ஆனால், வழக்கமான ஆசிரியர்களிடம் இம்முறை சரிவர வேரூன்றவில்லை என்று பெரெட்டா பின்னர் எழுதினார்.

திட்டத்தை விளக்கும் பிரபுவின் நூல் 1987இல் வந்தது. பின்னர்ச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1990இல் எழுதிய கட்டுரையில், எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்றார். தன் கற்பித்தலால் கற்றல் எப்படி நிகழ்கிறது என்று ஆசிரியர் கொண்டுள்ள உயிருள்ள நம்பிக்கையே முக்கியம் என்பது அவர் வாதம். தானே ஒரு முறையை உருவாக்கிப் பார்த்தவர் சொன்னதால் அதற்குத் தனி எடை உண்டு.

பிரபுவின் திட்டத்தில் பயிற்றுநர்களே வகுப்பெடுத்தனர்; இன்றைய நிலை வேறு. இரண்டாண்டு பி.எட். படிப்பில் மாணவ ஆசிரியர் 16 வாரம் தொடர்ந்து பள்ளியில் இருக்கிறார். கல்லூரி ஆசிரியரோ பெரும்பாலும் பார்வையிட்டுக் கையெழுத்திடத்தான் அங்கே போகிறார். அந்த வாரங்களில் வாரம் ஒரு பாடவேளையாவது கல்லூரி ஆசிரியரே எடுக்க வேண்டும். கல்லூரிகளும் அதைப் பணிக்கணக்கில் சேர்க்க வேண்டும்.