கைசன் எழுதும் ஊருக்குக் கிட்ஹப் எட்டாததா?

ஒரகடம் கூட்டுச்சாலையில் ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. ஊரில் தங்கைக்கு நிச்சயதார்த்தம். இரண்டு நாள் விடுப்பு வேண்டும். கைபேசியில் விடுப்புப் பக்கத்தைத் திறக்கிறார். தேதி போட்டாயிற்று, காரணம் எழுதியாயிற்று. கடைசியில் அமுக்க வேண்டிய பொத்தானில் ‘விடுப்பு விண்ணப்பத்தைச் சமர்ப்’ என்பது வரைதான் தெரிகிறது. மீதி திரைக்கு வெளியே. ஆங்கிலத்தில் ‘அப்ளை’ என்று இருந்தபோது அதே பொத்தான் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தமிழில் மாற்றியவர் சொல்லை மட்டும் மாற்றினார், பொத்தானைப் பார்க்கவில்லை.

தொழிற்பேட்டையில் இது எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரிய குறை இல்லை. வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, கேன்டீன் டோக்கன், வெண்டர்களுக்கான பக்கம் என எங்கும் இதன் உறவினர்களைப் பார்க்கலாம். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். இந்தப் பக்கங்களை யாரும் அடியிலிருந்து கட்டுவதில்லை. ஏற்கெனவே வார்த்து வைத்த அச்சு ஒன்றை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த அச்சுகளில் புகழ்பெற்றது பூட்ஸ்ட்ராப். ட்விட்டர் அலுவலகத்துக்குள் மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் தங்கள் சக ஊழியர்களுக்காக உருவாக்கியது. 2011 ஆகஸ்டில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இணையப் பக்கத்தின் நிறம், அளவு, இடைவெளி எல்லாவற்றையும் சொல்லும் மொழி சிஎஸ்எஸ். அதில் நூற்றுக்கணக்கான வரிகள் எழுதிச் செய்ய வேண்டியதை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வந்து நிற்கும்படி பூட்ஸ்ட்ராப் செய்தது. திரையின் அகலத்தைப் பன்னிரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள், இதற்கு நாலு, அதற்கு எட்டு என்றால் முடிந்தது வேலை. கார் ஆலை தன் போல்ட்டைத் தானே கடைவதில்லை, அளவு சொல்லி வெளியே வாங்குகிறது. அதே கணக்கு. இங்கே போல்ட்டுக்கு விலையும் இல்லை.

இனி அந்தப் பொத்தானுக்கு வருவோம். 2013-இல் வந்த பூட்ஸ்ட்ராப் மூன்றாம் பதிப்பில், பொத்தானுக்குள் இருக்கும் எழுத்தை இரண்டாவது வரிக்கு மடக்காதே என்பது இயல்பான கட்டளை. ‘அப்ளை’, ‘சேவ்’, ‘ஓகே’ என்று ஓரிரு அசையில் பேசும் மொழிக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. வேற்றுமை உருபும் வினைமுற்றும் ஒட்டி நீளும் தமிழுக்கு அது தூக்குக் கயிறு. பிந்தைய பதிப்புகளில் கட்டளை தலைகீழாகிவிட்டது. இப்போது எழுத்து தானாக மடங்கும். மடங்க வேண்டாம் என்றால்தான் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் பதிப்புக்கு 2019-லேயே பராமரிப்பு நின்றுவிட்டது, ஐந்தாம் பதிப்பு 2021-இல் வந்துவிட்டது. ஆனாலும் மூன்றையே கட்டிக்கொண்டு நிற்கும் பக்கங்கள் இன்றும் ஏராளம்.

ஏன் மாறவில்லை? உள்ளே போய்ப் பார்த்தால் காரணம் சிரிப்பை வரவழைக்கும். எப்போதோ ஒரு நாள் ஒரு பொத்தான் உடைந்திருக்கிறது. வந்த பையன் பூட்ஸ்ட்ராப்பின் மூலக் கோப்பிலேயே கைவைத்து ஒரு வரியைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறான். அடுத்து வந்தவர் இன்னொரு வரி. அதற்கும் அடுத்தவர், யார் என்ன செய்தார் என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் மேலே ‘இம்பார்ட்டன்ட்’ என்று முத்திரை குத்திய கட்டளைகளை அடுக்கியிருக்கிறார். இப்போது புதிய பதிப்பைப் போட்டால் இந்த ஒட்டு வேலை எல்லாம் உதிரும். அதனால் யாரும் தொடுவதில்லை. அளவு தப்பிய பாகத்தை வெண்டருக்குச் சொல்லாமல், லைனிலேயே அரத்தால் ராவி மாட்டிக்கொண்டே பத்து வருடம் ஓட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், அரத்தால் ராவி மாட்டுவதை ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி தன் ஆலைகளுக்குள் ஒரு நிமிடம் பொறுக்காது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக நிற்கும் ஊர் இது. குறையுள்ள பாகத்துக்குச் சிவப்புச் சீட்டு கட்டி ஒதுக்க வேண்டும், எந்த பேட்ச், எத்தனை, என்ன குறை என்று எழுதி அனுப்ப வேண்டும் என்பது புதிதாகச் சேரும் பயிற்சித் தொழிலாளிக்கும் பாடம். சின்னச் சின்ன மேம்பாட்டைத் தொழிலாளியே எழுதிக் கொடுக்கும் கைசன் இங்கே அன்றாடச் சொல். டொயோட்டா தன் யோசனைத் திட்டத்தை 1951-இல் தொடங்கியது. ஜப்பானியர் தரத்துக்குக் கொடுக்கும் டெமிங் பரிசை 1998-இல் முதன்முதலாக வாங்கிய இந்திய நிறுவனம் சென்னைப் பாடியின் சுந்தரம் கிளேட்டன். தரம் பற்றி இந்தப் பகுதிக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

திறமூல மென்பொருளுக்குப் பங்களிப்பது என்பது இந்தக் கைசன்தான், வேறு பெயரில். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பூட்ஸ்ட்ராப்பின் மூலம் முழுவதும் திறந்து கிடக்கிறது. குறை கண்டவர் அங்கே எழுதலாம். ஆனால் ‘சரியா வரல’ என்று எழுதினால் ஆகாது. இதே குறையை வேறு யாராவது முன்பே சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்கிறார்கள். தேவையற்றதை எல்லாம் கழித்து, அந்தக் குறை மட்டும் தெரியும்படி ஒரு சிறு மாதிரிப் பக்கம் கேட்கிறார்கள். திருத்தம் அனுப்புவதானால் தொகுத்து முடிந்த கோப்பில் அல்ல, மூலத்தில் செய்யச் சொல்கிறார்கள். குவாலிட்டி டிபார்ட்மென்டில் ஒரு வருடம் இருந்தவருக்கு இதில் எதுவும் புதிதில்லை.

கலிபோர்னியாவில் இருப்பவர் பார்க்க வழியே இல்லாத குறைகளும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அந்த ‘ஸ்ரீ’ உயரமும் ஆழமும் உள்ள எழுத்து. பெட்டியின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துப் பூட்டியிருந்தால் தலையோ காலோ வெட்டுப்படும். போதாக்குறைக்கு அதைக் கணினியில் இரண்டு விதமாக உள்ளிடலாம், ‘ஸ’வை வைத்து ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வை வைத்து இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடுபொறிக்கு வேறு வேறு. (ஊர்ப்பெயரைத் தேடி ‘கிடைக்கவில்லை’ என்ற பதிலைப் பெற்றவர்கள் தட்டச்சைக் குறை சொல்லியிருப்பார்கள்.) இரண்டாவது சிக்கல் சிஎஸ்எஸ்ஸைச் சேர்ந்ததல்ல, முதலாவது முழுக்க முழுக்கச் சிஎஸ்எஸ். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, தமிழ் எழுத்து இணையத்தில் எங்கெங்கே இடறுகிறது என்று தனி ஆவணமே வைத்திருக்கிறது. அதற்கும் கிட்ஹப் வழியாகவே யாரும் கருத்து அனுப்பலாம். தமிழில் நாள் முழுக்கப் புழங்குகிறவர்கள் அனுப்பாவிட்டால் வேறு யார் அனுப்புவது?

இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் உழைக்க வேண்டும் என்று முதலாளிகள் கேட்கக்கூடும். சட்டப்படி அவர்கள் கேள்வி சரி. பூட்ஸ்ட்ராப்பின் எம்ஐடி உரிமம் காப்புரிமை வரிகளை நீக்காதே என்பதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. ஆனால் இலவசத்தையும் யாரோ ஒருவர் சம்பளம் கொடுத்துத்தான் நடத்துகிறார். டெயில்விண்ட் என்ற இன்னொரு சிஎஸ்எஸ் கட்டமைப்பு உலகெங்கும் ஓடுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் அதிலேயே எழுதித் தள்ளுகின்றன. அதை உருவாக்கிய ஆடம் வாதன், 2026 ஜனவரியில், தன் பொறியாளர் குழுவில் முக்கால்வாசிப் பேரை அனுப்ப வேண்டிவந்ததாகச் சொன்னார். பயன்பாடு ஏறியது, வருமானம் சரிந்தது. இந்தியாவிலேயே இதற்கு ஒரு பதில் உண்டு. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக நிதி ஒன்றைத் தொடங்கியது. பங்கு விற்கிறவர்களுக்குத் தோன்றியது பாகம் செய்கிறவர்களுக்கும் தோன்றலாம்.

பணம்கூட அப்புறம். முதலில் வேண்டியது அனுமதி. மென்பொருள் ஒப்பந்தங்களில் ‘எந்த நிரலும் வெளியே போகக் கூடாது’ என்று ஒரு வரி இருந்தால், பொத்தானில் கண்ட பொதுக் குறையைக்கூட வெளியே சொல்லப் பையன்கள் பயப்படுவார்கள். கம்பெனி ரகசியம் வேறு, பொதுக் கருவியின் குறை வேறு என்று அந்த வரியைப் பிரித்து எழுதுவதற்கு ஒரு வழக்கறிஞருக்கு அரை மணி நேரம் ஆகும்.

கற்றுக்கொள்ளத் தூரமும் போக வேண்டாம். து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் சிஎஸ்எஸ்’ கணியம் தளத்தின் வழியாக இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. பக்கத்திலேயே காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்துவிட்டு லைனில் நிற்கும் பிள்ளைகளும் தயங்காமல் பேசக்கூடிய மொழியில், அதாவது தமிழில், அங்கே உரையாடல் நடக்கிறது. விழுப்புரத்து லினக்ஸ் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமின்றி இதையெல்லாம் சொல்லிக் கொடுத்து வருகிறது.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அங்கே பலருக்குக் கையிலிருக்கும் போன்தான் கணினி. அவர்களில் ஒருவருக்கு அடுத்த முறை பொத்தான் பாதியில் அறுந்து தெரிந்தால், அதைப் படம் பிடித்து கம்பெனி ஐடி பிரிவுக்கு அனுப்பட்டும். ஐடி பிரிவினர் ஒட்டுப் போடுவதற்கு முன்னால், புதிய பதிப்பிலும் அந்தக் குறை இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால், ஒரு கைசன் தாளில் எழுதும் அளவுக்கே ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கிட்ஹப்பில் போடட்டும்.