ஐந்து நிமிட ஓட்டமும் அத்தையின் இரவு ஷிப்டும்

காலை ஏழு மணிக்கு ஜெலுத்தோங் பெர்சியாரான் கர்ப்பால் சிங் கடலோரத்தில் மெதுவோட்டம் ஓடுவோர் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள் அல்லது என்னைப் போன்ற மாணவர்கள். என் அத்தையின் வயதினரைக் காண்பது அரிது. அந்நேரம் அத்தை பாயான் லெப்பாஸிலிருந்து இரவு ஷிப்ட் முடித்துத் தொழிற்சாலைப் பேருந்தில் வந்துகொண்டிருப்பார். வயது 46. நீரிழிவு இருப்பது சென்ற ஆண்டுதான் தெரிய வந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023இல் நாட்டின் விகிதம் 15.6க்கு இறங்கியது. ஆறுதல்தான், ஆனால் இன்னமும் ஏறக்குறைய ஆறில் ஒருவர்.

ஓட்டம் உதவுமா? அமெரிக்காவில் 55,000க்கும் மேற்பட்டோரைச் சராசரியாக 15 ஆண்டுகள் கவனித்து 2014இல் வெளிவந்த ஆய்வு, நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்குக்கூட இதய நோயால் இறக்கும் அபாயம் குறைவு என்றது. ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 1984 முதல் 50 வயது தாண்டியவர்களைத் தொடர்ந்தனர். 19 ஆண்டுகளில் ஓடியவர்களில் 15 விழுக்காட்டினரும் ஓடாதவர்களில் 34 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். ஓடியவர்கள் பிறர் துணையின்றி நடமாடிய காலமும் நீண்டது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆரோக்கியமானவர்களே ஓட வருகிறார்கள் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் மா. சுப்பிரமணியனைப் பாருங்கள். இளவயதிலேயே நீரிழிவு, பிறகு விபத்தில் மூட்டுக் காயம். அவர்தான் நூற்றுக்கும் மேற்பட்ட அரை நெட்டோட்டங்களை ஓடி முடித்தவர். 2021இல் தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சரானார்.

அமைச்சருக்கு வேலை அதிகம்தான். ஆனால் அவருக்கு ஷிப்ட் அட்டவணை கிடையாது. 2023 ஜனவரியில் நம் வார வேலை நேரம் 48லிருந்து 45 மணியானது. அந்த மூன்று மணி நேரம் ஓவர்டைமில் கரைந்துவிடுகிறது. பினாங்குப் பாலத்தில் நடக்கும் அனைத்துலக நெட்டோட்டத்திற்கு ஆயிரக்கணக்கானோர் திரள்கிறார்கள். மற்ற நாள்களில் இரவு பத்து மணிக்கு ஒரு பெண் அச்சமின்றி ஓட, விளக்குள்ள பாதை வீட்டருகே எத்தனை இருக்கின்றன?

டாக்டரைக் கேட்டுவிட்டு அத்தை தொடங்கிவிட்டார். இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம், எங்கள் பிளாட்டின் கார் நிறுத்துமிடத்திலேயே. “ஆளுங்க பார்க்கிறாங்கடி, நீயும் கூட வா” என்கிறார். அதனால் வாரம் மூன்று நாள் என் கடலோர ஓட்டம் கார்களுக்கு நடுவே நடக்கிறது.