உங்களுக்கு எதற்கு இந்த லென்ஸ்?

புதுசா ஒரு லென்ஸ் வாங்கியிருக்கிறேன். 85 மில்லிமீட்டர், எஃப் 1.8. கைமாறி வந்த பழைய லென்ஸ்தான். அதைப் பார்த்த ஒரு முற்போக்கு நண்பர் கேட்டார்: "போர்ட்ரெய்ட் லென்ஸா? கல்யாண வீட்டுல படம் புடிக்கவா தோழர்? ஒங்களுக்கெல்லாம் அகலமா எடுக்குற லென்ஸ்ல வேணும். சேரி முழுசும் தெரியணும், பிரச்சினை தெரியணும்."

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதனால்தான் கோபம் வருகிறது.

கூட்டமாகவும் மாதிரியாகவும் படத்தில் நின்று எங்களுக்குக் கால் வலிக்கிறது. 1868 முதல் 1875 வரை இந்திய மக்களைப் படம்பிடித்து எட்டுத் தொகுதிகள் போட்டது வெள்ளைக்கார அரசு. 1909இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார் எட்கர் தர்ஸ்டன். அவர் முகத்துக்குக் கிட்ட வந்தார், மூக்கின் நீள அகலத்தை அளக்க! படத்துக்குக் கீழே சாதிப் பெயர் இருக்கும். ஆளின் பெயரைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். அப்புறம் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். 1968இல் வெண்மணி, 1997இல் மேலவளவு. எரிந்த குடிசை, மாரடித்து அழும் பெண்கள். அந்தப் படங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவை சாட்சியங்கள். ஆனால் உயிரோடு இருக்கும்போது எங்கள் முகத்தை யார் எடுத்தீர்கள்?

முதல் படம் எங்கம்மாவைத்தான் எடுத்தேன். வெள்ளையடித்த சுவரோரம் உட்காரவைத்து எடுத்தால் முகம் ஒரே இருட்டு. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். வெள்ளைச் சுவர் நிறைய இருந்தால் படத்தையே இருட்டாக்கிவிடும். சுவருக்குக் கணக்குப் பார்த்துவிட்டு அம்மாவைக் கைவிட்டது. இது இயந்திரத்தின் குணம் மட்டுமல்ல. கோடாக் கம்பெனி 1950களிலிருந்து, பிரதியின் நிறம் சரியா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் அளவுகோலாக ஆய்வகங்களுக்கு அனுப்பியது. 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். நம்மூர் ஸ்டுடியோக்காரர் பவுடர் அப்பச் சொன்னதும் இதே அளவுகோல்தான். நான் ஒளியை ஒன்றரை ஸ்டாப் கூட்டினேன். கறுப்பு கறுப்பாகவே மினுங்கிக்கொண்டு வந்தது.

அடுத்து தெருவில் நிற்கவைத்து, லென்ஸின் துளையை முழுசாகத் திறந்தேன். ஆறடி தூரத்தில் நாலைந்து சென்டிமீட்டர் ஆழம்தான் துல்லியம். கண் தெளிவு, காது மங்கல். பின்னாலிருந்த சாக்கடை, பாதியில் நிற்கிற தொகுப்பு வீடு, காலிக்குடங்களின் வரிசை எல்லாம் கரைந்துபோயின. எனக்குத் திக்கென்றது. நண்பர் சொன்னது சரிதானோ? எங்கள் தெருவை நானே அழித்துவிட்டேனோ?

அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்துச்சு.

"வர்றவன்லாம் ஊட்ட எடுப்பான், சாக்கடைய எடுப்பான், நான் ஒரு ஓரமா நிப்பேன். இதுல நான் மட்டும் இருக்கறன்டா" என்றது. கொஞ்சம் கழித்து, "தெருவயும் ஒண்ணு எடு. அதுல எம்பேர எழுது" என்றது.

பத்தடி பின்னால் போய், துளையைச் சுருக்கி எஃப் 11இல் வைத்து எடுத்தேன். தெரு அடையாளம் தெரிந்தது. கீழே அம்மாவின் பெயரை எழுதினேன்.

அடிமைத்தளையிலிருந்து 1838இல் தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவிலேயே அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட மனிதர். சுமார் 160 படங்கள். வெள்ளை ஓவியர்கள் கையால் கறுப்பருக்கு நடுநிலையான உருவப்படம் கிடைக்காது என்று 1849இல் எழுதியவர் அவர். நேராகக் கேமராவைப் பார்த்து, இறுகிய முகத்தோடு உட்கார்ந்தார். அது அலங்காரமா? போராட்டம்.

தோழரே, லென்ஸில் தப்பில்லை. எது தெளிவு, எது மங்கல் என்று முடிவு பண்ணும் வளையம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அகல லென்ஸோடு தெருமுனையில் நின்று, யாரோடும் பேசாமல் எடுத்துக்கொண்டு போய்விடலாம். இந்த லென்ஸுக்கு ஆறடிக்குள் வரணும், எதிரில் நிற்கணும், பேசணும். வாருங்கள். முதலில் பெயரைக் கேளுங்கள். பின்னால் எது தெரியணும் என்பதையும் எங்களிடமே கேளுங்கள்.