வைத்துக்கொள்ளவா, விற்கவா?



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளக்காடானது தாம்பரத்து வாசகர்களுக்கு நினைவிருக்கும். அன்று நமது மோட்டார் சைக்கிளும் வாடகை வீட்டு வாசலில் இருக்கை மட்டம் வரை நீரில் நின்றது. மிதந்து வந்த மரக்கட்டையொன்று மோதியதில் வலப்புறச் சைடு பேனலில் ஒரு சாண் நீளத்திற்கு விரிசல். முகப்பு டூமில் ஆழமான கீறல்கள். நீர் வடிந்தபின் என்ஜின் ஆயிலை மாற்றியதும் வண்டி ஓடத் தொடங்கியது, அல்ஹம்துலில்லாஹ். கீறல்களோடேயே ஓட்டி வந்தோம். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக அண்மையில் அதை விற்க நேர்ந்தபோதுதான் இரும்புலியூர்ப் பக்கத்தில் உள்ள பெயின்டரிடம் கொண்டு சென்றோம்.

அவர் பேனலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஹஸ்ரத், வண்டிய வச்சுக்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா?" என்று கேட்டார். இரண்டிற்கும் வேலை வேறு, கூலியும் வேறு என்றார்.

வைத்துக்கொள்பவருக்குச் செய்யும் வேலை பேனலின் உட்புறத்திலிருந்து தொடங்குகிறது. பேனலைக் கழற்றித் திருப்பினால் அது எந்தப் பிளாஸ்டிக் என்பது பெரும்பாலும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் எனில், உடைந்த பழைய ஏபிஎஸ் பேனலின் சீவல்களை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, விரிசலின் பின்புறம் அப்புகிறார்கள். அசிட்டோன் பேனலையும் சற்றே இளக்குவதால் கூழும் பேனலும் ஒன்றாகி இறுகுகின்றன. அது நன்றாகக் காயும் வரை காத்திருக்க வேண்டும். மட்கார்டு போன்றவற்றில் வரும் பிபி வகைக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அசிட்டோனுக்கு அது மசிவதில்லை. அதற்கென உள்ள ப்ரைமரை அடிக்காவிட்டால் பெயின்டும் தோல் உரிவது போல் உரிந்துவிடும். உட்புறம் உறுதியான பின்னரே வெளிப்புறத்தில் பட்டி பூசி, 400, 800 என வாட்டர் பேப்பரால் தேய்த்து, ப்ரைமரும் நிறமும் கிளியர் கோட்டும் அடிக்கிறார்கள்.

விற்பவருக்கு உட்புற வேலை கிடையாது. விரிசலின் மேலேயே பட்டி, அதன்மேல் நிறம். மாலையில் வண்டி தயார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிற்கும் வேறுபாடே தெரியாது. பிளாஸ்டிக் வளையும், பட்டி வளையாது. ஆகவே ஜிஎஸ்டி சாலையின் வேகத்தடைகளில் சில வாரங்கள் குலுங்கினால் பழைய விரிசல் அதே இடத்தில் மீண்டும் வாய் திறக்கும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல நம்மால் முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு வியாபாரப் பாடம் நடத்திவரும் நமக்கு அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது கட்டணத் தொகைதான்.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள தானியக் குவியல் ஹதீஸை நம் பிள்ளைகளும் அறிவார்கள். நபி (ஸல்) அவர்கள் குவியலினுள் கையை நுழைத்தபோது ஈரம் தட்டுப்பட்டது. காரணம் கேட்கப்பட்ட வியாபாரி, மழையில் நனைந்துவிட்டது என்றார். மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். தானியம் நனைந்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. நம் வண்டி வெள்ளத்தில் நின்றது நம் குற்றமும் அன்று. கேள்வி எழுந்தது ஈரம் அடியில் இருந்ததைப் பற்றியே.

பெயின்ட் வேலைக்கு இதைவிட நெருங்கிய உதாரணமும் ஃபிக்ஹில் உண்டு. விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, ஆட்டின் மடியைப் பெருத்துக் காட்டுவதற்கு ‘தஸ்ரியா’ என்று பெயர். அதை நபியவர்கள் தடுத்தார்கள். வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அளித்தார்கள். மடி பெருத்திருந்தது பொய்யன்று, பால் உள்ளே இருக்கத்தான் செய்தது. ஆனால் அது அன்றாடம் தரும் பாலைப் பற்றிப் பார்ப்பவர் கொண்ட எண்ணம் பொய்யானது. பளபளக்கும் பேனலும் அப்படித்தான். அதைக் காண்பவர், உள்ளே வயரிங் இணைப்புகளில் களிம்பு படிந்திருக்கும் என்றோ, சக்கர பேரிங்குகள் சேற்று நீரைக் குடித்திருக்கும் என்றோ எண்ணமாட்டார்.

"உள்ளது உள்ளபடி, பிறகு எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை" என்று சொல்லி விற்றால் போதாதா என நண்பர் ஒருவர் கேட்டார். ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்குரிய வட்டம் மிகக் குறுகியது. ஆனால் தெரிந்த குறையை வேண்டுமென்றே மூடி வைத்துவிட்டு அப்படிச் சொல்வதை எந்த மத்ஹபும் ஹலாலாக்கவில்லை.

கீறலுக்கு வண்ணம் பூசுவதே தவறு என்று இதை விளங்கிக்கொள்ள வேண்டாம். வெறும் கீறலுக்காகப் பேனலையே எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது வீண்விரயம். புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய பேனல் வாங்கி மாட்டினாலும் நன்றே. வண்டியின் நிறத்தையே மாற்றுபவர் மட்டும் ஆர்சி புத்தகத்திலும் அதை மாற்றிப் பதிய வேண்டும். (ஸ்ப்ரே அடிக்கும்போது அந்தப் பெயின்டர் முகத்தில் ஒரு கைக்குட்டையை மட்டுமே கட்டியிருந்தார். முறையான முகமூடி வாங்கித் தருவதாகச் சொன்னோம், சிரித்தார்.)

"வைத்துக்கொள்ளும் வேலையையே செய்யுங்கள்" என்றோம். கூலி ஏறத்தாழ இரு மடங்கு. வண்டி பார்க்க வந்த முதல் இருவரும் ‘வெள்ளம்’ என்ற சொல்லைக் கேட்டதும் தேநீரைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். "அதை முதல்லயே சொல்லணுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் சேலையூரில் உணவு விநியோகம் செய்யும் இளைஞர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேனலைக் கழற்றச் சொல்லிக் கைப்பேசி வெளிச்சத்தில் உட்புறத்தைப் பார்த்தார். நாம் நினைத்த விலையில் 3,000 ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டார். அந்த 3,000-ஐ மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கித்தான் கட்டணத்தைக் கட்டினோம்; இன்னும் திருப்பித் தரவில்லை.