உதைக்காத துப்பாக்கி

அமெரிக்காவில் வசந்த காலம் என்றால் காட்டு வான்கோழிக்கு ஆபத்து, சுடுபவரின் தோளுக்கும்தான். 12 கேஜ் ஷாட்கன்னில் மூன்றரை அங்குல மேக்னம் தோட்டாவைப் போட்டால், உதையில் அது யானைத் துப்பாக்கியோடு போட்டி போடும். வேட்டைக்காரர் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதால் உடல் பின்னால் அசைந்துகொடுக்க வழியில்லை. தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், வேட்டைக்கே முழுக்குப் போட வேண்டியதுதானா?

அவசியமில்லை. உதையைத் தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று: ரவையின் எடை, அதன் வேகம், துப்பாக்கியின் எடை. முதல் இரண்டையும் குறைத்து மூன்றாவதைக் கூட்டினால் போதும். ரவை குறைந்தால் பறவை தப்பிவிடாதா? ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியான டங்ஸ்டன் ரவை அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டது. சின்ன ரவையும் ஆழமாகப் பாய்வதால், 40 கஜத்தில் 20 கேஜ் துப்பாக்கியே வேலையை முடித்துவிடும். விலைதான் உதைக்கும்.

வாயு விசையில் இயங்கும் செமி ஆட்டோமேடிக் துப்பாக்கியும், கட்டையின் அடியில் பொருத்தும் ரப்பர் மெத்தையும் அடியை இன்னும் தணிக்கும். பயிற்சிக்கு லேசான தோட்டா நல்லது. வலிக்குப் பயந்தவர் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வார், குறி தப்பும், காயம்பட்ட பறவை புதரில் கிடந்து சாகும்.

எந்தத் துப்பாக்கியானாலும், முதல் வெடி டாக்டர் சம்மதித்த பிறகே.